பாதியில் நிற்கும் குவில்ட், மேசை நிறைய தீபாவளித் தையல்: எதை முதலில் எடுப்பது?

நூல்கண்டு_செந்தூல் | செப்டம்பர் 6, இரவு 10.12

எல்லோருக்கும் வணக்கம். தையல் தெரிந்தவர்களிடம் யோசனை கேட்க வந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும்.

அம்மாவின் நூல் சேலைகள், இரண்டு சுங்குடி, வீட்டில் கட்டிய பாத்திக் கைலிகள், இவற்றை வெட்டி ஒரு குவில்ட், அதாவது நடுவில் பஞ்சு வைத்த ஒட்டுத்துணிப் போர்வை, தைக்கத் தொடங்கினேன். கேமரன் மலையில், தானா ராத்தாவில் இருக்கும் அக்காவுக்காக. அங்கே ராத்திரியில் 15, 16 டிகிரி வரை இறங்கும், கோலாலம்பூர் மாதிரி இல்லை. அம்மா போன பிறகு அக்கா என்னிடம் கேட்ட ஒரே பொருள் இதுதான். அதனால்தான் இது என் மனதை விட்டுப் போகாமல் இருக்கிறது.

இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்கிறேன். 9 அங்குலக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் 9 சதுரம். குறுக்கே 6, நெடுக்கே 8 கட்டம். சுற்றிலும் 3 அங்குலக் கரை. ஆக 60க்கு 78 அங்குலம். மேல்துணி, பருத்திப் பஞ்சு, அடித்துணி மூன்றையும் அடுக்கி ஊக்கு குத்தியாயிற்று. நடுவில் மூன்றில் ஒரு பங்கு மெஷினில் தையல் ஓடியிருக்கிறது. மீதிக்கு நீலத் துணிப் பேனாவால் கொடி வரைந்து வைத்திருக்கிறேன். அப்புறம் வீடு மாறினோம், வெளி ஆர்டர்கள் வரத் தொடங்கின, மூட்டை அலமாரிக்கு மேலே போய்விட்டது. சில வருடம் அங்கேயே இருந்தது.

நேற்று இறக்கிப் பிரித்தேன். சில ஊக்குகள் துருப்பிடித்துத் துணியில் பழுப்புப் புள்ளி விழுந்திருக்கிறது. ஒரு மூலையில் ஈர வாடை.

மேசையில் இருப்பது: லைனிங் வைத்த தீபாவளி ரவிக்கைகள் ஒரு கூடை நிறைய, பக்கத்து வீட்டு அக்காவின் பாஜு கூரோங் (மலாய்ப் பெண்கள் உடுப்பு), மகளின் பள்ளி நடன உடுப்பு, எங்கள் வீட்டுத் திரைச்சீலை. அக்கா குடும்பம் டிசம்பரில் இங்கே வருகிறது. அதற்குள் கொடுக்க ஆசை. எப்படிப் பிரித்துக்கொள்வது? துருவுக்கு என்ன செய்வது?

புதுஊசி | செப்டம்பர் 6, இரவு 10.40

அக்கா, படிக்கும்போதே நெஞ்சு கனக்கிறது. முடித்துவிடுங்கள். நான் இப்போதுதான் தலையணை உறை தைக்கப் பழகுகிறேன், பதில் சொல்லும் அளவுக்குத் தெரியாது. ஆனால் இந்த இழையை விடமாட்டேன்.

கட்டம்_கட்டமாய் | செப்டம்பர் 7, காலை 7.55

செந்தூல் தங்கச்சி, முதலில் துருவைப் பார்ப்போம். ரவிக்கை ஒரு வாரம் காத்திருக்கும், துரு காத்திருக்காது. நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் அந்தப் புள்ளி நாளுக்கு நாள் பெரிதாகும், அடியில் இருக்கும் பஞ்சுக்கும் இறங்கும்.

ஊக்கைக் கழற்றும்போது இழுக்காதீர்கள். துருப்பிடித்த கம்பி நூலைக் கவ்விக்கொண்டிருக்கும், இழுத்தால் பழைய சேலைத் துணி கிழியும். இரண்டு விரலால் பிடித்து மெல்லத் திருப்பிப் பாருங்கள். அசையவில்லை என்றால் ஒயர் வெட்டும் கட்டரால் ஊக்கை இரண்டாக நறுக்கி, துரு இல்லாத பக்கமாக உருவுங்கள். ஊக்கு போனாலும் பரவாயில்லை.

கறைக்குக் கிளோராக்ஸ் மாதிரி வெளுப்பான் எதுவும் வேண்டாம். குளோரின் பட்டால் துருக்கறை இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும். எலுமிச்சைச் சாறும் உப்பும் போதும். புள்ளி மேல் மட்டும் தடவி, வெயிலில் கொஞ்ச நேரம் வைத்து, குளிர்ந்த நீரில் ஒற்றி எடுங்கள். ஆனால் சாயத் துணியில் புளிப்பு பட்டால் நிறம் மங்கலாம். மிச்சத் துண்டு இருந்தால் முதலில் அதில் சோதித்துப் பாருங்கள். சுங்குடிச் சிவப்பும் பாத்திக் கருநீலமும் இருக்கும் இடத்தில் ரொம்பக் கவனம் தேவை.

நீலப் பேனா இன்னொரு விஷயம். அந்தக் கோடு மேல் சூடான இஸ்திரி படவே கூடாது. சூடு பட்டால் பழுப்பாகி நின்றுவிடும். சோப்புத் தண்ணீரும் முதலில் வேண்டாம், வெறும் குளிர்ந்த நீர் மட்டும். இப்போது ஒரு ஓரத்தில் நனைத்துப் பார்த்து, போகிறதா என்று இங்கே சொல்லுங்கள். ஒற்றி எடுத்தால் மறைந்த மாதிரி தெரியும், ஆனால் மருந்து பஞ்சுக்குள் இறங்கி, காய்ந்ததும் மேலே வரும். முழுசாகப் போக வேண்டும் என்றால் குவில்ட் முடிந்த பிறகு மொத்தமாகக் குளிர்ந்த நீரில் ஊறப்போட வேண்டும்.

ஈர வாடை வரும் மூலையைப் பிரித்துப் பஞ்சைப் பாருங்கள். கறுப்புப் புள்ளி இருந்தால் அந்த இடத்துப் பஞ்சை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் துண்டு வைக்கலாம். இரண்டு ஓரத்தையும் மேலும் கீழும் ஏறாமல் ஒட்டினாற்போல் வைத்து, கையால் குறுக்குத் தையல் போட்டால் மேடு தெரியாது.

கட்டிங்_மாஸ்டர் | செப்டம்பர் 7, மதியம் 2.30

நான் மஸ்ஜித் இந்தியா பக்கம் ரவிக்கையும் சுடிதாரும் தைப்பவன். குவில்ட் என் தொழில் இல்லை. ஆனால் மேசை நிறைய வேலை இருந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியும், அதை மட்டும் சொல்கிறேன்.

தங்கச்சி, உங்கள் குவில்ட் ஏன் இத்தனை நாள் நின்றது தெரியுமா? அதற்கு ரசீது இல்லை. ரவிக்கைக்கு ரசீது இருக்கிறது, தேதி இருக்கிறது, ஆள் வந்து நிற்கிறார். குவில்ட்டுக்காக யாரும் வாசலில் வந்து நிற்பதில்லை. ஆகவே முதல் வேலையாக உங்கள் அக்கா பெயரில் ஒரு ரசீது எழுதுங்கள். என்ன வேலை, எந்த அளவு, எந்தத் தேதி. மற்ற வாடிக்கையாளர் பையோடு அதே கம்பியில் மாட்டுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் கடையில் என் சொந்த வீட்டுத் துணிக்கும் ரசீது உண்டு, இல்லாவிட்டால் என் பிள்ளைகள் தீபாவளிக்குப் பழைய சட்டைதான் போட வேண்டும்.

அடுத்தது, ஒவ்வொரு பையிலும் ஒரு சீட்டு குத்துங்கள். அதில் அடுத்து செய்ய வேண்டிய ஒரு வேலை மட்டும் இருக்கட்டும். 'ரவிக்கை' என்று எழுதினால் பயன் இல்லை. 'கை பொருத்தணும்', 'கொக்கி வைக்கணும்' என்று எழுதுங்கள். பையை எடுத்தவுடன் கை தானாக வேலைக்குப் போகும். யோசித்துக்கொண்டு உட்காரும் நேரம்தான் வீட்டில் தைப்பவர்களுக்குப் பெரிய நஷ்டம்.

ரவிக்கைகளை ஒவ்வொன்றாக முடிக்காதீர்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டுங்கள். ஒரே நிற நூல் உள்ளவற்றைச் சேர்த்து ஓட்டுங்கள். கொக்கி, ஹெம்மிங் எல்லாம் சேர்த்து வைத்து இரவில் தொலைக்காட்சி முன்னால் முடியுங்கள். நூல் மாற்றுவது, ஊசி மாற்றுவது, துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட் மாற்றுவது, இதில்தான் நேரம் கரைகிறது.

இன்னொன்று. தீபாவளி வரைக்கும் குவில்ட்டை மெஷினில் ஏற்றாதீர்கள். ரவிக்கைக்குப் போடும் ஊசி வேறு, மூன்று அடுக்குக்குப் போடும் ஊசி வேறு. நடுவில் நடுவில் மாற்றினால் இரண்டும் கெடும். கூடை தீரும் வரை புது ஆர்டர் எடுக்காதீர்கள். தெரிந்தவர் கேட்டாலும் 'இந்த வருடம் முடியாது அக்கா' என்று சொல்லிவிடுங்கள்.

ஆயர்_ஈத்தாம்_அம்மா | செப்டம்பர் 7, இரவு 8.05

மகளே, மாஸ்டர் தம்பி சொன்ன ரசீது எனக்குப் பிடித்தது. ஆனால் தீபாவளி வரை தொடாதே என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அலமாரிக்கு மேலே திரும்ப ஏறினால் இறங்காது.

கையால் தை. மெஷினைப் பற்றிய கவலையே வேண்டாம். நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். கிழிந்த சேலைகளை நாலைந்து அடுக்காக விரித்து, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஓட்டுத் தையல் போட்டால் அதுதான் எங்களுக்குப் போர்வை, அதுதான் பிள்ளைக்கு மெத்தை. நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பெல்லாம் கிடையாது. பால்வெட்டு முடிந்து வந்து சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து என் அம்மா தைப்பார். வங்காளத்துப் பெண்கள் காந்தா என்று தைப்பதும் இதே பழைய சேலையும் இதே ஓட்டுத் தையலும்தான். உன் அம்மாவின் சேலைக்கு மெஷின் தையலை விடக் கைத்தையல்தான் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

கொஞ்சம் தடித்த பருத்தி நூல், 8ஆம் எண் பெர்ல் நூல் கிடைத்தால் நல்லது. தையல் பெரிதாக இருந்தாலும் அழகாகத்தான் இருக்கும். சோபா பக்கத்தில் ஒரு கூடையில் வை. ராத்திரி சாப்பிட்ட பிறகு ஒரு கட்டம். நான் நூலுக்கு இங்கே பினாங்கில் லெபோ பசார் பக்கமும் சௌராஸ்தா பக்கமும் நடப்பேன். உனக்கு ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் பக்கம்.

கட்டம்_கட்டமாய் | செப்டம்பர் 7, இரவு 9.20

அம்மா, உங்கள் கைத்தையலை நான் ரொம்ப மதிக்கிறேன். ஆனாலும் ஒரு கணக்கு சொல்லியாக வேண்டும். 60க்கு 78 அங்குலத்தை முழுக்கக் கையால் தைப்பது என்றால் டிசம்பர் போதாது. அதுவும் ரவிக்கைக் கூடையோடு. நடுவில் நின்றால் திரும்பவும் பழைய கதைதான்.

எனக்குத் தெரிந்து இரண்டையும் கலக்கலாம். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் இடையே இருக்கும் இணைப்புக் கோட்டின் மேலேயே, அடுக்குகளை ஒன்றாக நகர்த்தும் வாக்கிங் ஃபுட் போட்டு நேராக மெஷினில் ஓட்டுங்கள். அதுதான் எலும்பு. அது முடிந்ததும் மூன்று அடுக்கும் அசையாது, ஊக்கு எல்லாம் வெளியே வந்துவிடும். அதற்குப் பிறகு உள்ளே அம்மா சொன்ன பெரிய கைத்தையலை எங்கே ஆசையோ அங்கே போடலாம். போடாவிட்டாலும் குவில்ட் குவில்ட்தான்.

இதற்கு ஒன்று தெரிய வேண்டும். நீங்கள் வைத்த பஞ்சு எது? பையிலோ லேபிளிலோ எத்தனை அங்குலத்துக்கு ஒரு தையல் வேண்டும் என்று போட்டிருப்பார்கள். மெல்லிய வலைத்துணி பதித்த பருத்திப் பஞ்சு என்றால் 8 முதல் 10 அங்குல இடைவெளி தாங்கும். வலை இல்லாத பஞ்சு சிலவற்றுக்கு 3, 4 அங்குலத்துக்குள் தையல் விழ வேண்டும், இல்லாவிட்டால் துவைக்கும்போது உள்ளே கட்டி கட்டியாகச் சேர்ந்துவிடும். உங்கள் கட்டம் 9 அங்குலம். ஆகவே இந்த ஒரு தகவலை வைத்துத்தான் எவ்வளவு தைக்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

கொடியை விட்டுவிடுங்கள் என்றும் சொல்வேன். துணியைக் கையால் நகர்த்திக் கொடி போடுவதற்கு நீண்ட, தடையில்லாத நேரம் வேண்டும், கை பழக வேண்டும். நேர்க்கோடு அப்படி இல்லை, ஒரு வரிசை ஓட்டிவிட்டு எழுந்து போய்ச் சோறு வடிக்கலாம்.

பட்டர்வொர்த்_மெஷின் | செப்டம்பர் 8, காலை 11.15

குவில்ட் தைப்பதற்கென்றே இருக்கும் நீண்ட கை மெஷின் வைத்திருப்பவரிடம் கொடுத்தால் முடித்துத் தந்துவிடுவார்களே? காசு ஆகும், ஆனால் நேரம் மிச்சம்.

கட்டம்_கட்டமாய் | செப்டம்பர் 8, மதியம் 12.50

மேல்துணியோடு நின்றிருந்தால் நல்ல யோசனை. அந்த மெஷினில் மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் தனித்தனியாக ஏற்றுவார்கள். அடித்துணியும் ஒவ்வொரு பக்கமும் சுமார் 4 அங்குலம் அதிகம் இருக்க வேண்டும். இவர் ஏற்கெனவே அடுக்கி, மூன்றில் ஒரு பங்கு தைத்தும்விட்டார். பிரித்தால்தான் ஏற்ற முடியும். பழைய நூல் சேலையில் தையல் பிரிப்பது எனக்குச் சம்மதம் இல்லை, ஊசித் துளைகள் அப்படியே நிற்கும்.

நூல்கண்டு_செந்தூல் | செப்டம்பர் 8, இரவு 11.02

எல்லோருக்கும் நன்றி. இன்று பார்த்தவை.

பஞ்சுப் பையின் அட்டை இருந்தது! 8 அங்குலம் என்று போட்டிருக்கிறது. அப்படியானால் 9 அங்குலக் கட்டத்தின் ஓரத்தில் மட்டும் ஓட்டினால் போதாது, உள்ளேயும் ஏதாவது வேண்டும்.

ஈர வாடை அடித்துணியின் மிச்ச ஓரத்தில்தான், எப்படியும் வெட்டி எறியப்போகும் பகுதி. உள்ளே பஞ்சைப் பிரித்துப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது. வெட்டிவிட்டேன்.

நீலக்கோடு குளிர்ந்த நீரில் போகிறது, கொஞ்சம் மெதுவாக.

துரு மட்டும் மனதைப் படுத்துகிறது. எலுமிச்சையில் பாதிப் புள்ளிகள் மறைந்தன. சுங்குடியில் இருக்கும் இரண்டு போகவில்லை, அங்கே மேலும் தேய்க்கப் பயமாக இருக்கிறது. அது அம்மா கோயிலுக்குக் கட்டிய சேலை.

மாஸ்டர் அண்ணே, ரசீது எழுதிக் கம்பியில் மாட்டிவிட்டேன். 'அடுத்த வேலை: துருப்பிடித்த ஊக்கு எல்லாம் கழற்றணும்.'

ஆயர்_ஈத்தாம்_அம்மா | செப்டம்பர் 9, காலை 6.40

தேய்க்காதே மகளே. அந்த இரண்டு புள்ளி மேலும் துண்டு வைத்துத் தை. சேலைக் கரையில் மாங்காய் இருக்குமே, அதைக் கத்தரித்து, ஓரத்தை உள்ளே மடித்து, சின்னச் சின்னக் கண்மறைவுத் தையலில் பொருத்து. இரண்டு இடத்தில் மட்டும் இருந்தால் ஒட்டு மாதிரித் தெரியும், இன்னும் நாலைந்து இடத்தில் போடு. உன் அக்கா பார்த்தால் வேண்டுமென்றே வைத்த வேலை என்றுதான் நினைப்பாள். அது உண்மையும்கூட.

ஊக்கு எடுத்த இடத்தில் திரும்ப ஊக்கு குத்தாதே. வெள்ளை நூலில் கைவிரல் நீளத்துக்கு ஓட்டுத் தையல் போட்டுப் பிடித்து வை. நூல் துருப்பிடிக்காது, எத்தனை மாதம் இருந்தாலும் கேடில்லை.

கட்டிங்_மாஸ்டர் | செப்டம்பர் 9, இரவு 10.15

அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு. கோட்டு தைக்கும்போது நாங்களும் அப்படித்தான் நூலில் பிடித்து வைப்போம். சரி, நான் என் பேச்சைக் கொஞ்சம் திருத்திச் சொல்கிறேன்: தீபாவளி வரை மெஷினில் ஏற்ற வேண்டாம், கைவேலை செய்யலாம். ஊக்கு கழற்றுவது, நூல் பிடிப்பது, மாங்காய் வைப்பது எல்லாம் கைவேலைதான். ரவிக்கை மெஷினை ஆளட்டும், குவில்ட் சோபாவை ஆளட்டும்.

புதுஊசி | செப்டம்பர் 10, மாலை 5.30

ஒரு கேள்வி. மெஷினில் ரவிக்கை ஓடும்போது குவில்ட் துண்டுகளையும் நடுவில் தைக்கலாம் என்று யாரோ சொல்லக் கேட்டேன். அது எப்படி?

கட்டம்_கட்டமாய் | செப்டம்பர் 10, இரவு 7.45

அது துண்டு இணைக்கும் கட்டத்தில் இருப்பவர்களுக்கு. உனக்கு நன்றாகப் பயன்படும் தங்கச்சி. மெஷின் பக்கத்தில் ஒரு டப்பாவில் வெட்டிய சதுரங்களை இரண்டு இரண்டாகச் சேர்த்து வை. ரவிக்கையின் ஒரு தையல் முடிந்ததும் நூலை வெட்டாமல், அந்தச் சதுர ஜோடியைப் ஃபுட்டுக்கு அடியில் கொடுத்து ஓட்டு. அதை மெஷினிலேயே விட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் ரவிக்கையை வெட்டி எடு. அடுத்த தையல் தொடங்கும்போது அந்தச் சதுரம் முன்னால் இருப்பதால் நூல் அடியில் சிக்காது, நூலும் வீணாகாது. ரவிக்கை முடிகிறபோது ஒரு கைப்பிடி சதுரமும் சேர்ந்திருக்கும். கால் அங்குலத் தையல் விளிம்பு மட்டும் மாறக்கூடாது. ஃபுட்டுக்குப் பக்கத்தில் தட்டில் ஒரு டேப் ஒட்டிக்கொள், துணி ஓரம் அதைத் தொட்டபடி போகட்டும்.

எல்லாத் துணியையும் முதலில் நனைத்துக் காயவைத்துவிடு. பருத்தி சுருங்கும், பாத்திக் சாயம் விடும். ஈர வெள்ளைத் துணியை மேலே அழுத்தி எடுத்தால் எது சாயம் விடுகிறது என்று தெரியும்.

நூல்கண்டு_செந்தூல் | செப்டம்பர் 16, மாலை 4.20

இன்று மலேசிய தினம், கடை கண்ணி எதற்கும் போகாமல் வீட்டிலேயே இருந்தேன். ஊக்கு முழுக்கக் கழற்றியாயிற்று. மூன்றை நறுக்கித்தான் எடுக்க முடிந்தது, துணி கிழியவில்லை. மகள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உட்கார்ந்து நூல் பிடித்தோம். அவளுக்கு ஓட்டுத் தையல் வரும் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

மாங்காய்களுக்குப் பச்சைச் சேலையின் கரையிலிருந்து வெட்டினேன். ஒன்று பொருத்திப் பார்த்தாயிற்று. அம்மா, நீங்கள் சொன்னது சரி. அது இல்லாமல் அந்தக் கட்டம் இனி எனக்குப் பிடிக்காது.

நடன உடுப்பும் பாஜு கூரோங்கும் போய்விட்டன. ரவிக்கை பாதி. திரைச்சீலைத் துணியை மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன், ஜனவரிக்கு முன் அதைத் தொடப்போவதில்லை. பழைய திரை இன்னும் நன்றாகத்தான் தொங்குகிறது.

பட்டர்வொர்த்_மெஷின் | செப்டம்பர் 17, காலை 9.10

திரைச்சீலையை ஒத்திவைத்தது நல்லது. நான் ஒரே நேரத்தில் எல்லாம் முடிக்கப் பார்ப்பேன். இப்போது என் பட்டியலிலிருந்தும் இரண்டை எடுத்துவிட்டேன்.

நூல்கண்டு_செந்தூல் | அக்டோபரில் ஒரு நாள் எழுத வேண்டும் என்று நினைத்தேன், நவம்பராகிவிட்டது

தீபாவளி முடிந்தது, கூடை காலி. மெஷினைப் பிரித்துத் துடைத்து எண்ணெய் விட்டு, 90/14 ஊசி போட்டு, வாக்கிங் ஃபுட் மாட்டினேன். தையல் நீளம் 3 மில்லிமீட்டர். நடுவிலிருந்து தொடங்கி வெளியே போகிறேன்.

என் மெஷின் மேசை சின்னது. போர்வையின் கனம் கீழே தொங்கி இழுத்தால் தையல் ஒரு இடத்தில் நெருங்கி, ஒரு இடத்தில் நீண்டு விழுகிறது. இஸ்திரிப் பலகையை மெஷின் உயரத்துக்கு ஏற்றி இடது கைப்பக்கம் நிறுத்தினேன், பின்னால் ஒரு நாற்காலி. கனம் அதில் உட்கார்ந்ததும் தையல் சீரானது. சின்ன பிளாட்டில் தைப்பவர்களுக்கு இது உதவும்.

கட்டங்களின் ஓரத்தில் நேர்க்கோடு. உள்ளே மூலைவிட்டமாக ஒரு கோடு. இப்போது எந்த இடத்திலும் 8 அங்குலத்துக்கு மேல் வெற்றிடம் இல்லை. மாங்காய்களைச் சுற்றி மட்டும் 8ஆம் எண் நூலில் கைத்தையல். கொடியை விட்டுவிட்டேன், வருத்தம் இல்லை. அம்மாவின் சேலையிலேயே போதுமான பூவும் கொடியும் இருக்கின்றன.

அடுத்து பைண்டிங், ஓரத்தைச் சுற்றி மூடும் பட்டை. சேலைக் கரையையே சுற்றிலும் வைக்கலாமா? எவ்வளவு துணி வேண்டும்?

கட்டம்_கட்டமாய் | நவம்பர், அதே இரவு

சரிகை நெய்த கரை வேண்டாம். மூலையில் மடிப்பு படியாது. ஓரம்தான் முதலில் தேயும் இடம், பழைய துணி அங்கே நிற்காது. புதுப் பருத்திப் பாப்ளின் வாங்குங்கள்.

கணக்கு இப்படி. 60 + 78 + 60 + 78 = 276 அங்குலம். மூலைக்கும் கடைசி இணைப்புக்கும் 10 சேர்த்தால் 286. 44 அங்குல அகலத் துணியில் கரை போக 42 அங்குலம் தேறும். 7 பட்டை வெட்டினால் 294 வருகிறது, போதும் போலத் தெரியும். ஆனால் பட்டைகளைச் சாய்வாக இணைக்கும்போது ஒவ்வொரு இணைப்பும் இரண்டரை அங்குலம் தின்னும். 6 இணைப்புக்கு 15 போய்விட்டால் 279தான் மிச்சம், 286க்குப் பற்றாது. ஆகவே 8 பட்டை. ஒவ்வொன்றும் இரண்டரை அங்குல அகலம், மொத்தம் 20 அங்குலம். அரை மீட்டர் மயிரிழையில் பற்றாமல் போகும். 60 சென்டிமீட்டர் கேளுங்கள், கடையில் நேராக வெட்டாவிட்டாலும் சமாளிக்கலாம்.

பட்டையை நீளவாக்கில் இரண்டாக மடித்து, மேல்பக்கம் மெஷினில் பொருத்தி, பின்பக்கம் திருப்பிக் கையால் ஹெம்மிங் செய்யுங்கள். மூலைக்குக் கால் அங்குலம் முன்பே நிறுத்தி, பட்டையை மேலே மடித்து, பிறகு கீழே இறக்கி அடுத்த பக்கம் தொடங்கினால் மூலை கூராக வரும். நீலக்கோடு முழுக்கப் போகும் வரை இஸ்திரி எந்தப் பக்கமும் வேண்டாம். பட்டையைத் தைக்கும் முன்பே தனியாக இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள்.

ஆயர்_ஈத்தாம்_அம்மா | நவம்பர்

பின்பக்கம் ஒரு சின்னத் துணியில் பெயரும் வருடமும் தைத்து வை மகளே. யாருடைய சேலை, யார் தைத்தது, யாருக்காக. நூலால் எழுது, பேனா மங்கும். பேரப்பிள்ளைகள் கேட்கும்போது பதில் அதிலேயே இருக்க வேண்டும்.

நூல்கண்டு_செந்தூல் | டிசம்பர், காலை

முடிந்தது. பைண்டிங்குக்குக் கருஞ்சிவப்புப் பாப்ளின். பெயர்த்துணியில் அம்மா பெயர், அக்கா பெயர், என் பெயர், மகள் பெயர் நான்கும் இருக்கின்றன. அவளும் தைத்தாள் அல்லவா, அவளே தன் பெயரைத் தைத்துக்கொண்டாள்.

மாஸ்டர் அண்ணே, ரசீதில் குறித்த தேதிக்கு முன்பே முடிந்தது. அக்கா அடுத்த வாரம் வருகிறார்.

இப்போது துவைக்க வேண்டும், நீலக்கோடு இன்னும் அங்கங்கே தெரிகிறது. வீட்டு மெஷினில் கொள்ளாது. சாயம் கலந்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. மழை வேறு தினமும் மதியத்துக்கு மேல் கொட்டுகிறது.

கட்டம்_கட்டமாய் | டிசம்பர், மதியம்

வாழ்த்துகள் தங்கச்சி! மனசு நிறைந்துவிட்டது.

முதலில் குளியல் தொட்டியிலோ பெரிய வாளியிலோ வெறும் குளிர்ந்த நீரில் ஊறவையுங்கள், நீலம் முழுக்கப் போகட்டும். தண்ணீர் நிறம் மாறினால் மாற்றி மாற்றி ஊற்றுங்கள். ஈரமாக மடித்துக் குவித்து மட்டும் வைக்காதீர்கள், சாயம் ஒன்றின் மேல் ஒன்று இறங்குவது அப்போதுதான். பிறகு டோபி கடையில் (காசு போட்டு நாமே துவைக்கும் கடை) முன்பக்கம் திறக்கும் பெரிய மெஷின், குளிர்ந்த நீர், மென்மையான ஓட்டம், கொஞ்சமே சோப்பு. சாயம் பிடிக்கும் தாள் கிடைத்தால் இரண்டு போடுங்கள்.

வெளியே எடுக்கும்போது தொங்கவிட்டுத் தூக்காதீர்கள், ஈரக் கனத்தில் தையல் அறுந்துவிடும். இரண்டு கையாலும் ஏந்தி எடுங்கள். டோபியிலேயே குறைந்த சூட்டில் முக்கால்வாசி காயவைத்து, மறுநாள் காலை வெயிலில் தட்டையாக விரித்து முடியுங்கள், மதிய மழைக்கு முன் எடுத்துவிடலாம். பருத்திப் பஞ்சு கொஞ்சம் சுருங்கித் துணி முழுக்க மெல்லிய சுருக்கம் விழும். பயப்படாதீர்கள், அது அப்படித்தான் இருக்கும்.

அக்காவிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். தானா ராத்தாவில் ஈரம் அதிகம். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்கக் கூடாது. பழைய பருத்தித் தலையணை உறைக்குள் போட்டு, மாதம் ஒரு முறை வெளியே எடுத்து, வேறு மாதிரி மடித்து வைக்கட்டும். தினமும் போர்த்திக்கொண்டால் அதுவும் தேவையில்லை.

புதுஊசி | டிசம்பர், இரவு

அக்கா, அம்மா, மாஸ்டர் அண்ணே, எல்லோருக்கும் நன்றி. என் டப்பாவில் சதுரங்கள் சேர்ந்துகொண்டிருக்கின்றன. என் பாட்டியின் பட்டுச் சேலை ஒன்று இருக்கிறது, நூல் இற்றுப் போகத் தொடங்கிவிட்டது. அதையும் சேர்க்கலாமா?

கட்டம்_கட்டமாய் | டிசம்பர், இரவு

இற்றுப்போன பகுதியை விட்டுவிட்டு நல்ல பகுதியை மட்டும் எடு. பின்னால் மெல்லிய ஒட்டுக் கேன்வாஸை மிதமான சூட்டில் ஒட்டிய பிறகே வெட்டு, இல்லாவிட்டால் பட்டு வழுக்கும், பிசிறும். தினமும் துவைக்கும் போர்வையில் வேண்டாம், சுவரில் மாட்டும் சின்னக் குவில்ட்டுக்கு வைத்துக்கொள். புது இழை தொடங்கிச் சேலையின் படத்தைப் போடு, சரிகை எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.